குளத்தில் நிற்கும் அடி வேறு, தண்ணீர் வேறு: மலை மழையிலிருந்து சிறுபோக நீரைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

மார்ச் கடைசியில் சிறுபோக, அதாவது ஏப்ரல் முதல் ஓகஸ்ட்வரையிலான வறண்டகால நெற்செய்கையின், ஆரம்பக் கூட்டம். ஒருவர் எழும்பி, "32 அடிக் குளம் 24 அடி நிக்குது. முக்கால்வாசித் தண்ணி இருக்கு. 4,000 ஏக்கர்ல 3,000 செய்யலாம்தானே" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தீர்மானமும் அப்படியே எழுதப்படும். ஓகஸ்டில் கதிர் பால் பிடிக்கிற நேரம் துருசில் (குளத்து மதகில்) தண்ணீர் ஓடாது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவரின் வேளாண்மை நின்ற நிலையிலேயே கருகும்.

அந்தக் குளத்தில் இருந்தது முக்கால்வாசி அல்ல, ஏறக்குறையப் பாதி. இந்த ஒரு வித்தியாசத்தைக் கூட்டத்துக்கு முன்பே சொல்ல முடிந்தால் எத்தனையோ குடும்பங்களின் விதைநெல்லும் பசளைக்காசும் மிஞ்சும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் மழைமானியும் குளத்து அளவுகோலும் பார்த்துப் பல போகங்களாகக் கொப்பியில் எழுதி வருகிறேன். புதிதாக வந்த பல இளைஞர்களுக்குப் பழக்கியும் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்குப்படுவது ஒரே இடங்களில்தான். அந்த இடங்களில் மட்டும் நின்று விளக்கி, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதில் கிடைத்த எண்ணைக் கேட்கும்.

1. தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதைத் தெளியுங்கள்

இமயமலைப் பக்கத்தில் குளிர்காலம் முழுவதும் விழும் பனி மலையிலேயே கிடந்து, வெயில் ஏற ஏற உருகி, சிந்து போன்ற ஆறுகளில் இறங்குகிறது. அங்கே பனிதான் குளம். அதனால் அவர்கள் குழாயைப் பனிக்குள் இறக்கி, உள்ளே சிக்கிய பனியை நிறுத்துப் பார்த்து, அது உருகினால் எத்தனை மில்லிமீற்றர் தண்ணீர் என்று கணக்கிடுகிறார்கள்.

ஆழத்தை மட்டும் பார்த்தால் அவர்களும் ஏமாறுவார்கள். புதிதாக விழுந்த 1 மீற்றர் பனி உருகினால் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் தண்ணீர்தான் வரும். மாதக்கணக்கில் கிடந்து இறுகிய 1 மீற்றர் பனியில் 400 மில்லிமீற்றர்கூட இருக்கலாம். அடியை அளப்பது ஒரு வேலை, அந்த அடிக்குள் உள்ள தண்ணீரை அறிவது வேறு வேலை.

நம் நாட்டில் 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலையிலும் பனி மூடிக் கிடப்பதில்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து வெயிலோடு போய்விடும். நம் மலையில் விழும் மழை அன்றே இறங்கத் தொடங்குகிறது. அதைப் பிடித்து வைக்க நமக்கு இருப்பவை மூன்று: மண், கிணற்று ஊற்று, குளக்கட்டு. சிறுபோகத்துக்கு வாய்க்காலில் வருவது குளக்கட்டுக்குப் பின்னால் நிற்பது மட்டுமே.

2. உங்கள் குளத்தின் நீரேந்து பரப்பைக் கோடிட்டு எடுங்கள்

எந்த நிலத்தில் விழும் மழை உங்கள் குளத்துக்கு வந்து சேருமோ அதுதான் நீரேந்து பரப்பு. எந்த மழையை அளக்க வேண்டும் என்று தெரியாமல் மழைமானி வாங்குவதில் பயனில்லை. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் உங்கள் குளத்தைக் கண்டுபிடியுங்கள். குளக்கட்டின் ஒரு முனையில் தொடங்கி, மேட்டு முகடுகளைத் தொட்டுக்கொண்டே மேலே போய், மறு முனைக்கு இறங்கி வாருங்கள். கோடு எந்த ஓடையையும் வெட்டக் கூடாது. வெட்டினால் முகட்டை விட்டு விலகிவிட்டீர்கள்.

கோட்டுக்குள் எத்தனை சதுர கிலோமீற்றர் என்று வரைபடத்துக் கட்டங்களை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தைச் சேர்த்து, மற்றதை விட்டுவிட்டால் போதும்.

இங்கே நடக்கும் பெரிய பிழை மாவட்ட எல்லையோடு நின்றுவிடுவது. தண்ணீருக்கு மாவட்டம் தெரியாது. அம்பாறை வயல்களுக்குப் பாயும் கல் ஓயா பதுளைக்குக் கிழக்கே உள்ள மடுல்சீமை மலைப் பக்கத்தில் தொடங்கி, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் தேங்கி, பிறகுதான் கீழே வருகிறது. அம்பாறை நகரில் இரண்டு நாள் வெள்ளமாகப் பெய்தாலும் அந்தச் சமுத்திரம் நிரம்பாது. ஊவா மலையின் கிழக்குச் சரிவில் பெய்ய வேண்டும். மட்டக்களப்பில் முந்தனையாற்றை நம்பி இருப்பவர்கள் மகா ஓயாப் பக்கத்து மழையைக் கேட்டு எழுத வேண்டியதும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்று: மேலே வேறு குளம் இருக்கிறதா, வேறு ஆற்றிலிருந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மாதுறு ஓயா நீர்த்தேக்கத்துக்கு மகாவலித் தண்ணீர் சுரங்கம் வழியே வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் மழையை மட்டும் வைத்து மட்டத்தை விளக்கப் போனால் கணக்கு ஒருநாளும் பொருந்தாது. மேலே உள்ள சிறு குளங்கள் நிரம்பி வான் பாயும்வரை (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும்வரை) உங்கள் குளத்துக்கு வரத்து மெலிந்தே இருக்கும். அவற்றையும் வரைபடத்தில் புள்ளியிட்டு வையுங்கள்.

3. செப்டெம்பருக்குள் ஆயத்தமாக வேண்டியவை

இந்த வேலை ஒக்டோபர் முதல் மழைக்கு முன் தொடங்க வேண்டும். காய்ந்த மண்ணில் விழும் முதல் மழை எவ்வளவு குளத்துக்கு வந்தது என்பதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. மழைமானி ஒன்று, அதற்கே உரிய அளவுக் குவளை, கடின மட்டை போட்ட கொப்பி, பென்சில். பேனை வேண்டாம், ஈரக் கையில் மை கரையும். குளத்தில் திணைக்களம் நட்ட அளவுகோல் இருந்தால் அதுவே போதும்.

ஆட்கள்தான் முக்கியம். குளத்தடியில் ஒருவர், நீரேந்து பரப்பின் நடுவில் ஒருவர், மேலே மலையடியில் ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிலாள். பதிலாள் இல்லாத இடத்தில் கல்யாண வீடு, கோயில் திருவிழா, காய்ச்சல் எதுவும் கொப்பியில் ஓட்டையாக விழும்.

4. மழைமானியை நடுதல்

வெட்டவெளி வேண்டும். பக்கத்தில் 5 மீற்றர் உயர மரமோ கூரையோ இருந்தால் அதிலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி நடுங்கள். உயரத்தின் இரண்டு மடங்கு தூரம் என்பது விதி, நான்கு மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. வடகிழக்குக் காற்றோடு சாய்ந்து வரும் கொண்டல் மழையை மரம் மறைத்துவிடும், கூரை தெறித்துவிடும். இரண்டுமே பொய் எண்.

வாய் மட்டமாக இருக்க வேண்டும். மேசன் வைத்திருக்கும் மட்டப் பலகையை வாயின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்து, அடியில் சீமெந்து போட்டு இறுக்குங்கள். சேறு தெறிக்காத உயரத்தில் வாய் இருக்கட்டும். சுற்றிச் சீமெந்துத் தளம் போடாதீர்கள், அதிலிருந்து தண்ணீர் தெறித்து உள்ளே விழும். புல் இருந்தால் போதும்.

படுவான்கரையில் யானையையும் நினைக்க வேண்டும். வயல் வெளியில் தனியாக நின்ற மழைமானியை ஒரே இரவில் மிதித்துப் போன அனுபவம் எங்களுக்கு உண்டு. பள்ளிக்கூட வளவு, கோயில் வளவு, யானை வேலிக்கு உட்பட்ட வீட்டு வளவு என்று பாருங்கள். ஆடு மாடு உரசாதபடி முட்கம்பி போதும், ஆனால் அது மழைமானியின் வாயைவிடத் தாழ்வாக இருக்கட்டும்.

கடை மழைமானி கிடைக்காவிட்டால் நேரான சுவருள்ள குழாய்த் துண்டு ஒன்றை அடியடைத்துச் செய்யலாம். உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் என்றால் வாயின் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். சேர்ந்த தண்ணீரை மில்லிலீற்றரில் அளந்து, 78.5 ஆல் வகுத்து, 10 ஆல் பெருக்குங்கள். அதுதான் மில்லிமீற்றர் மழை. 157 மில்லிலீற்றர் என்றால் 20 மில்லிமீற்றர். மேலே புனல் வைத்தால் வெயிலில் ஆவியாவதும் இலை விழுவதும் குறையும். ஆனால் வாயின் விட்டம் எதுவோ, அதை வைத்தே கணக்கிட வேண்டும். புனல் அகலமாக இருந்தால் புனலின் வாய்தான் கணக்கு.

குவளை மாறிப்போவதுதான் நான் கண்ட மோசமான பிழை. மழைமானிகள் 5 அங்குல வாயோடும் 8 அங்குல வாயோடும் உண்டு. 10 மில்லிமீற்றர் மழைக்கு 5 அங்குல வாயில் ஏறக்குறைய 127 மில்லிலீற்றர் சேரும், 8 அங்குல வாயில் 324. ஒன்றின் குவளையை மற்றதோடு வைத்து அளந்தால் எண் இரண்டரை மடங்கு பிசகும். ஒரு இடத்தில் ஒரு மாரி முழுக்க இப்படி எழுதப்பட்டு, மலையில் மழையே இல்லை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். மழைமானியிலும் குவளையிலும் ஒரே நிறப் பூச்சைத் தடவி வையுங்கள்.

5. தினமும் காலை 8.30

வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 தொடக்கம் மறுநாள் காலை 8.30 வரையிலான மழையை ஒரு நாள் மழையாகக் கொள்கிறது. நீங்களும் அதே நேரத்தைப் பிடியுங்கள். இல்லையென்றால் உங்கள் எண்ணைப் பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட முடியாது.

எந்தத் திகதியில் எழுதுவது? அளந்த நாளின் திகதியில் எழுதுங்கள். "ராத்திரிதானே பெஞ்சது, நேத்தைக்குப் போடுவம்" என்று ஒருவரும், அளந்த திகதியில் இன்னொருவரும் எழுதினால் மலை மழையும் குள மழையும் ஒரு நாள் விலகி நிற்கும். பிறகு தண்ணீர் மேலிருந்து வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒருகாலும் பிடிபடாது.

மழை இல்லாத நாளில் 0 எழுத வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்பார்கள்: "மழை பெய்யல்லயே அண்ணன், என்னத்தை எழுதுற?" வெறும் கட்டத்துக்கு இரண்டு பொருள் உண்டு. மழை இல்லை, அல்லது நாம் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. 0 என்பது பார்த்ததற்கான சாட்சி. துளி விழுந்து அளக்க முடியாத அளவென்றால் "தூறல்" என்று எழுதுங்கள்.

பார்க்காமல் விட்ட நாளை இட்டு நிரப்பாதீர்கள். ஒரு முறை சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்து பார்த்தேன், 96 மில்லிமீற்றர் நின்றது. நாளுக்கு 32 என்று பிரித்து எழுதிவிட்டேன். உண்மையில் அது ஒரே இரவு மழை. அந்த இரவில் குளம் ஏன் திடீரென்று ஏறியது என்று பிறகு கொப்பியைப் பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை. "3 நாள் சேர்த்து 96" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் கொப்பி உண்மை பேசியிருக்கும்.

குவளை நிறைந்துவிட்டால் ஊற்றிவிட்டுத் திரும்ப அளந்து கூட்டுங்கள். கூட்டிய எண்ணை மட்டுமல்ல, ஒவ்வொரு குவளையையும் எழுதுங்கள். பெருமழை நாளில்தான் பிழை அதிகம் வரும், அந்த நாள்தான் குளத்துக்கும் முக்கியம். அளந்த தண்ணீரை அப்படியே வைக்காமல் ஊற்றுங்கள், டெங்கு நுளம்புக்கு அது நல்ல இடம்.

தானாகப் பதியும் மழைமானி கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் பக்கத்தில் கைமானியும் நிற்கட்டும். உள்ளே சாயும் சிறு வாளி கொட்டித் திரும்புவதற்குள் பெருமழையில் கொஞ்சம் தவறிப்போகும். சிலந்திவலை கட்டினால் எண்ணே வராது. எண் வராததை மழை இல்லாததாக அது பதிந்துவிடும்.

6. மலை மழையைச் சேர்த்தல்

உங்கள் மூன்று ஆட்களின் எண்களோடு, வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் நாள் மழையையும், நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வெளியிடும் ஆற்று மட்டங்களையும் தினமும் எழுதுங்கள். மேலே உள்ளவர் சிங்களத்தில் பேசுபவராக இருந்தால் எண்ணை மட்டும் குறுஞ்செய்தியில் அனுப்பினால் போதும். எங்களுக்கு மலையடியிலிருந்து வரும் செய்தியில் திகதியும் எண்ணும் மட்டுமே இருக்கும், அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுப்பது பிழை. ஒவ்வொருவரும் எவ்வளவு பரப்புக்குப் பொறுப்பு என்று வரைபடத்தில் பாருங்கள். மலையடி மழைமானிக்கு நெருக்கமான பரப்பு 60 வீதம், நடு 30 வீதம், குளத்தடி 10 வீதம் என்று வைப்போம். அன்று மழை முறையே 80, 50, 20 மில்லிமீற்றர். சாதாரணச் சராசரி 50. பரப்பின்படி கணக்கிட்டால் 48, 15, 2 சேர்ந்து 65. ஒரு நாளில் 15 மில்லிமீற்றர் வித்தியாசம், ஒரு மாரியில் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் இருப்பவர்கள் கடற்கரை மழையை வைத்துக் குளத்தைப் பேசுவதும் இந்த வகைப் பிழைதான். கொண்டலோடு கடலிலிருந்து வரும் மழை சில வேளை கரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வேறு நாட்களில் கரையைத் தாண்டிப் போய் மலைச் சரிவில் ஏறிக் கொட்டும். காத்தான்குடியில் குடை பிடித்ததற்கும் உன்னிச்சைக் குளத்தில் மட்டம் ஏறுவதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

7. அளவுகோலை வாசித்து, அடியைத் தண்ணீராக மாற்றுதல்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள்.

குளத்து மட்டத்தை விடியற்காலையில் பாருங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் தண்ணீரை ஒரு கரைக்குத் தள்ளும், அலையும் அடிக்கும். மாலையில் பார்த்த மட்டத்துக்கும் மறுநாள் காலை மட்டத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தைத் தண்ணீர் குறைந்ததாக எழுதிவிடுவார்கள். அலை மேலே தொடும் இடத்தையும் கீழே இறங்கும் இடத்தையும் பார்த்து நடுவை எடுங்கள்.

அளவுகோலின் 0 எங்கே இருக்கிறது என்று கேட்டறியுங்கள். பெரும்பாலும் அது துருசின் அடிமட்டத்தைப் பொறுத்தே குறிக்கப்படும். துருசுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்கு வராது. மீனுக்கும் மாட்டுக்கும் அது வேண்டும், கணக்கில் சேர்க்கக் கூடாது.

இனி அடிக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு. நம் குளங்கள் தொட்டி அல்ல, தட்டு. அடியில் ஒடுங்கி மேலே விரிந்து போகும். முதல் அடிக்குள் கொஞ்சம் தண்ணீர்தான் பிடிக்கும், வான் மட்டத்துக்குக் கீழுள்ள கடைசி அடிக்குள் ஒரு சிறு குளமே அடங்கும். பாதி உயரத்தில் நிற்கும் குளத்தில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் தண்ணீர் இருக்கும். தொடக்கத்தில் சொன்ன 32 அடிக் குளம் 24 அடியில் பாதியளவில் நிற்பது இதனால்தான். மலைப் பனிக்காரர் ஆழத்தை நம்பாமல் நிறுத்துப் பார்ப்பது போல நாம் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

அந்த அட்டவணை நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்தில் இருக்கும். எத்தனை அடிக்கு எத்தனை ஏக்கர் அடித் தண்ணீர் (ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்பது 1 ஏக்கர் அடி), எத்தனை ஏக்கர் நீர்ப்பரப்பு என்று இரண்டு நிரலும் வேண்டும் என்று கேளுங்கள். பரப்பு நிரல் 9ஆம் பகுதியில் ஆவியாதலுக்குத் தேவைப்படும். பல வருடத்துக்கு முன் செய்த அட்டவணை என்றால் வண்டல் படிந்து அடிப்பக்கக் கொள்ளளவு குறைந்திருக்கும். மட்டம் இறங்க இறங்க அட்டவணை சொல்வதைவிட வேகமாகத் தண்ணீர் முடிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கமநல சேவை நிலையத்தின் கீழுள்ள சிறு குளத்துக்கு அட்டவணை இராது. நிறைந்த நேரத்து நீர்ப்பரப்பை ஏக்கரிலும் மிக ஆழமான இடத்தை அடியிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 0.4 ஆல் பெருக்குங்கள். 20 ஏக்கர், 8 அடி என்றால் 64 ஏக்கர் அடி. தோராயம்தான், ஆனால் கண்மதிப்பைவிட மேல்.

8. எவ்வளவு மழைக்கு எவ்வளவு வரத்து

ஒரு சதுர கிலோமீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1,000 கனமீற்றர் தண்ணீர். 1 ஏக்கர் அடி என்பது ஏறக்குறைய 1,233 கனமீற்றர். இந்த இரண்டு எண்களையும் கொப்பியின் அட்டையில் எழுதி வையுங்கள்.

நீரேந்து பரப்பு 100 சதுர கிலோமீற்றர் என்று வைப்போம். மேலே கணக்கிட்ட 65 மில்லிமீற்றர் பெய்தால் 65 இலட்சம் கனமீற்றர், அதாவது 5,270 ஏக்கர் அடி விழுந்திருக்கிறது. ஒக்டோபரில் இப்படிப் பெய்து, அட்டவணைப்படி குளத்தில் 750 ஏக்கர் அடி ஏறினால் வரத்து 14 வீதம். அதே மழை டிசம்பரில் பெய்து 2,350 ஏறினால் 45 வீதம். இவை எடுத்துக்காட்டு எண்கள்தான், உங்கள் குளத்துக்கு உரியதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. ஒக்டோபரில் வெடித்துக் கிடக்கும் மண் தன் தாகம் தீரும்வரை ஓடைக்கு விடாது. டிசம்பரில் ஊறிய மண் பெய்ததையெல்லாம் கீழே தள்ளும். பனி நாடுகளிலும் இதே கதைதான்: வறண்ட கோடைக்குப் பிறகு மூடிய பனி உருகும்போது முதலில் மண் குடித்துவிட்டுத்தான் ஆற்றுக்கு விடும். ஆகவே ஒவ்வொரு பெருமழைக்கும் பக்கத்தில் அதற்கு முந்திய 15 நாள் மழையின் கூட்டுத்தொகையையும் எழுதுங்கள். இரண்டு மாரி எழுதினால் உங்கள் குளத்தின் குணம் பிடிபடும்.

மழை விட்டதும் மட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேலிருந்து வரத் தண்ணீருக்கு நேரம் வேண்டும். மட்டம் ஏறுவது நின்ற பிறகே கணக்கிடுங்கள். அந்த நாட்களில் துருசு திறந்திருந்தாலோ வான்கதவு திறக்கப்பட்டிருந்தாலோ வெளியே போனதையும் வரத்தோடு கூட்ட வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையிடம் திறந்த நாள், மூடிய நாள், எத்தனை அங்குலம் என்று கேட்டு எழுதும் பழக்கம் இல்லாவிட்டால் இந்தப் படி முழுவதும் வீண்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை நம் நாட்டில் மழை கூடுவதும், ஜனவரி முதல் மார்ச்வரை குறைவதும் வழக்கம். அந்த வருடங்களில் டிசம்பரில் குளம் நிரம்பியதைப் பார்த்து மனம் ஆறிவிடாதீர்கள். பின்மழை தவறினால் மாரிகாலப் பெரும்போகத்தின் கடைசித் தண்ணீரையும் குளத்திலிருந்துதான் கொடுக்க வேண்டி வரும், சிறுபோகப் பங்கு ஜனவரியிலேயே கரையத் தொடங்கும்.

9. வயலுக்குப் போகாமல் குறைவது

வெயிலும் காற்றும் குடிப்பது முதலாவது. நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று எடுத்தால் ஐந்து மாதத்தில் 750 மில்லிமீற்றர், ஏறக்குறைய இரண்டரை அடி. சராசரி நீர்ப்பரப்பு 800 ஏக்கர் என்றால் 2,000 ஏக்கர் அடி காற்றோடு போகிறது. இதைச் சொன்னால் கூட்டத்தில் நம்ப மாட்டார்கள். பெருக்கிக் காட்டுங்கள்.

கசிவை அறிய, போகம் முடிந்து துருசு மூடியிருக்கும், மழையும் வரத்தும் இல்லாத ஒரு வாரத்தைப் பிடியுங்கள். அந்த வாரம் மட்டம் இறங்கியதில் ஆவியானதைக் கழித்தால் மிச்சம் கசிவு.

குடிநீர் மூன்றாவது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரப் பக்கம்வரை குழாயில் போகிறது. அப்படிப்பட்ட குளத்தில் குடிநீர்ப் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் வயலைப் பேச வேண்டும்.

10. மார்ச் கடைசிக் கணக்கு

அந்த 24 அடிக் குளத்துக்குத் திரும்புவோம். அட்டவணை 12,000 ஏக்கர் அடி என்கிறது. அதில் துருசுக்குக் கீழே நிற்பது 1,000. குடிநீருக்கு 1,000. ஆவியாவது 2,000. கசிவு 800. மிச்சம் 7,200.

இதில் பத்தில் ஒன்றைக் கையில் வையுங்கள். கதிர் வரும் நேரம் வாய்க்கால் உடைந்தாலோ கச்சான் கடுமையானாலோ காப்பாற்றுவது அதுதான். 6,480 மிஞ்சும்.

ஏக்கருக்கு எவ்வளவு என்பதை ஊர்ப்பேச்சிலிருந்து எடுக்காதீர்கள். போன சிறுபோகத்தில் துருசு வழியே போன மொத்தத் தண்ணீரை, செய்த ஏக்கரால் வகுத்துப் பாருங்கள். வாய்க்காலில் குடித்ததும் அதற்குள் அடங்கிவிடும். 4 ஏக்கர் அடி என்று வந்தால் 6,480 தண்ணீருக்கு 1,620 ஏக்கர். மணல் வாய்க்காலாக இருந்து 5 என்று வந்தால் 1,296 தான். கூட்டத்தில் கேட்டது 3,000.

சிறுபோகத்தில் பெய்யக்கூடிய மழையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெய்தால் அது கையிருப்பு. முன்கூட்டியே அதற்கு ஏக்கர் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது பிள்ளை குட்டிக்காரனை நடுத்தெருவில் விடுவதற்குச் சமம்.

11. கூட்டத்தில் வைப்பதும் போகத்தில் தொடர்வதும்

எண்ணை மட்டும் சொன்னால் சண்டை வரும். 12,000 எப்படி 6,480 ஆனது என்பதை ஒரு பெரிய தாளில் வரிவரியாக எழுதி முன்னால் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கொப்பிப் பக்கத்தைக் காட்டுங்கள். பெரிய வயற்காரரான போடியார்மாரும் பழைய வட்டவிதானைமாரும் தங்கள் அனுபவத்தில் ஒரு வரியை மறுத்தால் கேளுங்கள். கசிவு பற்றி எங்கள் எண்ணை ஒரு பெரியவர்தான் திருத்தினார், கட்டின் எந்த இடத்தில் ஊறுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏக்கர் குறைந்தால் துருசுக்குக் கிட்டிய வயல் கண்டங்களை மட்டும் விதைத்து, கடைசிக் கண்டத்துக்காரருக்கும் அதில் பங்கு கொடுப்பது நல்லது. நீளமான வாய்க்காலை நனைக்கவே போகும் தண்ணீர் மிஞ்சும். பிஜி 300, ஏடி 307 போன்ற மூன்று மாத நெல் இனங்களை எடுத்தால் மூன்றரை மாத இனத்தைவிட இரண்டு தவணைத் தண்ணீராவது குறையும். ஆனால் எல்லோரும் ஒரே கிழமைக்குள் விதைக்க வேண்டும். ஒருவர் இருபது நாள் பிந்தினால் அவருக்காக வாய்க்கால் முழுவதும் இருபது நாள் ஓடும். மேட்டுக் கண்டத்தில் பயறு, கௌப்பி, சோளம் போடச் சொல்லிப் பாருங்கள்.

விதைப்பு முடிந்ததும் ஒரு கோட்டுத் தாளில் ஏப்ரல் முதல் ஓகஸ்ட்வரை தண்ணீர் எப்படி இறங்க வேண்டும் என்று கோடு கீறுங்கள். அடியில் அல்ல, ஏக்கர் அடியில். பத்து நாளுக்கு ஒருமுறை உண்மை அளவைப் புள்ளியாக வையுங்கள். புள்ளி கோட்டுக்குக் கீழே இரண்டு முறை தொடர்ந்து விழுந்தால் உடனே முறைவைத்துத் தண்ணீர் விடத் தொடங்குங்கள். மே மாதத்தில் முறை வைத்தால் பயிர் தாங்கும். ஜூலையில் வைத்தால் தாங்காது.

ஓகஸ்ட் கடைசியில் துருசு மூடிய மறுநாள் விடியற்காலை மட்டத்தை வாசித்து, கணக்கில் மிஞ்ச வேண்டியதற்கும் குளத்தில் மிஞ்சியதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவப்புப் பென்சிலால் எழுதுங்கள். பிறகு கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, செப்டெம்பர் 1 என்று எழுதி, மழைமானியைப் பார்த்துவிட்டு வந்து 0 போடுங்கள்.